இடது கைப்பிடி

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இன்று காலை நான் செய்த காரியத்திலிருந்து. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் வரி இப்படி வந்தது: ‘பக்கவாதம் வந்த ஒரு பெண்ணும், அவளை உயிராக நேசித்த கணவனும்…’

அடித்துவிட்டேன். அந்தக் கணவன் நான்தான். ‘உயிராக’ என்று எழுதும்போதே கூசியது.

2.

என் மனைவிக்கு இடது கையும் காலும் விழுந்துவிட்டன. மறுவாழ்வு மையத்தில் சக்கர நாற்காலி ஓட்டப் பழக்குகிறார்கள். சாய்தளத்தில் பின்புறமாக ஏற வேண்டும், வலது காலால் தரையை உந்தி உந்தி.

(இன்னொன்று: இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு மறந்துபோகிறது. தட்டில் இடது பாதிச் சாப்பாடு அப்படியே மிஞ்சும்.)

“சாஞ்சா பிடிக்க மட்டும் நில்லுங்க சார். கை வைக்கவே கூடாது,” என்றார் பிசியோதெரபிஸ்ட்.

இன்று பாதியில் நாற்காலி நின்றுவிட்டது. அவர் வேறு யாரையோ பார்த்துத் திரும்பியிருந்தார். நான் இடது பக்கம் நகர்ந்து, கைப்பிடியை மெல்ல மேலே இழுத்தேன். நாற்காலி ஏறிவிட்டது. அப்போதுதான் பிசியோதெரபிஸ்ட் திரும்பிப் பார்த்தார்.

“பிரமாதம்மா! நாளைக்கு யாரும் பக்கத்துல நிக்க வேணாம். ஏறிட்டீங்கன்னா வீட்டுக்குப் போயிடலாம். சார் வேலைக்குப் போனாலும் தனியா சமாளிச்சுக்குவீங்க.”

அவள் உடனே போனில் சொன்னாள்: “அக்கா, யாரும் தொடல. நானேதான் ஏறுனேன்!”

3.

ஏன் இழுத்தேன்? ‘இரக்கத்தால்’ என்று எழுதிப் பார்த்தேன். கதைக்குப் பொருத்தமாக இருந்தது. பச்சைப் பொய். கீழே சிலர் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். அவள் திணறுவதை அவர்கள் வேடிக்கை பார்த்தது எனக்கு அவமானமாக இருந்தது. ஆமாம், அவளால் எனக்கு அவமானம். அவளுக்குத் தெரியாத பக்கம் ஒளிந்துகொள்ள வசதியாகவும் இருந்தது.

4.

முடிவு ஒன்று: இப்போதே சொல்லிவிடுகிறேன், அவள் அழுகிறாள். அழுகைக் காட்சி எனக்கு நன்றாக வரும், அதனாலேயே வேண்டாம்.

முடிவு இரண்டு: வாயை மூடிக்கொள்கிறேன். நாளை யாரும் அருகில் இல்லாமல் நாற்காலி பாதியில் நின்று, சறுக்கி…

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.)

மூன்றாவதை யோசிப்பதற்குள் கட்டிலிலிருந்து கூப்பிட்டாள்.

“ஏங்க, நாளைக்கு எனக்கு வலது பக்கமா, சுவரோரம் நில்லுங்க.”

“ஏன்?”

“அங்க நின்னாதான் உங்க கை எனக்குத் தெரியும்.”

முடிவை நான் எழுதப்போவதில்லை. இதிலும் கை வைக்க எனக்கு யோக்கியதை இல்லை. நீங்கள் சாய்தளத்துக்குக் கீழே காத்திருங்கள். அவள் நின்றால், தயவுசெய்து அவசரப்படுத்தாதீர்கள்.