சரிக்கா, சொல்லிடறேன்

வண்டியிலிருந்து வாடகை நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்த தம்பியின் கையைப் பிடித்து நிறுத்தினாள் அக்கா. வெளியூரிலிருந்து இப்போதுதான் வந்திறங்கியிருந்தாள். கூடத்தில் கிடத்தியிருந்த அப்பாவை இன்னும் பார்க்கக்கூட இல்லை.

"சொன்னியாடா?"

"என்னதுக்கா?"

"அப்பாகிட்ட சொல்லச் சொன்னேனே."

அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "இதோ வந்துடறேன்க்கா" என்று உள்ளறைக்குப் போனான். காலையில் அப்பா போனதிலிருந்தே அவனுக்கு எதுவும் உறைக்கவில்லை. அழுகையும் வரவில்லை. யார் வீட்டுச் சாவுக்கோ ஒத்தாசைக்கு வந்தவன்போல நடமாடிக்கொண்டிருந்தான்.

அப்பா படுக்கையில் விழுந்த நாள் முதல் சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு விசாரித்தார்கள். ஒரே பாட்டைப் பாடிப் பாடி அவனுக்கு அலுத்துப்போயிற்று. கம்ப்யூட்டர் வேலைக்காரன் சும்மா இருப்பானா? ஒரு சாட்பாட் எழுதினான். கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளையைத் தட்டிவிட்டால் போதும். யார் செய்தி அனுப்பினாலும், மாமாவென்றும் சித்தியென்றும் முறை தப்பாமல், அவன் பெயரிலேயே பதில் போய்விடும். அப்பாவின் நிலவரத்தைக் காலையில் ஒருமுறை அதற்கு ஊட்டிவிடுவான். அக்காவையாவது விட்டுவைத்திருக்கலாம். தோன்றவில்லை.

உள்ளறைக் கம்ப்யூட்டரில் அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. திரையை மேலே தள்ளிப் பார்த்தான். முந்தாநாள் அக்கா எழுதியிருந்தாள்.

"அப்பாகிட்ட சொல்லுடா, என் கல்யாணத்துக்கு வரலேங்கிற கோபமெல்லாம் எனக்குப் போயிடுச்சுன்னு. எப்படியாவது அவர் காதுல போட்டுடு."

கீழேயே பதில் இருந்தது. "சரிக்கா, சொல்லிடறேன். அப்பா இன்னைக்குப் பால் குடிச்சார்."

கன்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்தினான். சாட்பாட் நின்றது. அப்பாவுக்கு நேற்று ராத்திரி வரை நினைவு இருந்தது. இவனும் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தான்.

கூடத்துக்கு வந்தான். அக்கா அப்பாவின் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லிட்டேன்க்கா."

"என்ன சொன்னார்?"

எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அதைச் செய்யாமல் போர்வையைச் சரிசெய்வதுபோல இடப்பக்கம் குனிந்து, அப்பாவின் காதருகே வாயைக் கொண்டுபோய், அக்கா எழுதியதை முணுமுணுத்தான்.

நிமிர்ந்தபோது அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"இந்தப் பக்கம் வந்து சொல்லுடா," என்றாள். "அவருக்கு அந்தக் காது கேக்காது."