தாழ்ப்பாள் இல்லாத கதவு

வந்திருந்தவர்கள்: பயிற்சி கொடுக்க மதுரையிலிருந்து வித்யாலட்சுமி மேடம். தென்காசி அலிமாக்கா. பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்கும் மாரிச்செல்வம். மறுவாழ்வு இல்லத்திலிருந்து போன வாரம் வெளியே வந்த சுரண்டை இசக்கிமணி. நூற்பாலையில் இரவு ஷிஃப்டைப் பாதியில் விட்டு ஓடிய நான். வருகிறேன் என்று சொன்ன மற்றவர்கள் வரவில்லை.

போதை ஊசி போடுகிறவர்கள் சாகாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் அமைப்பின் வேலை. விட்டுவிடு என்று யாரையும் கெஞ்சுவதில்லை. விடும்வரை உயிரோடு இரு என்போம். அதற்கு ஊர் ஊராக ஆள் பழக்க வேண்டும். சீசன் இல்லாத குற்றாலத்தில் லாட்ஜ் மலிவு, அதனால் அங்கே கூடினோம். அருவி கொட்டும் மாதங்களில் அந்த லாட்ஜில் பக்கத்தில் இருப்பவன் பேசுவதுகூடக் கேட்காது. இப்போது பாறை காய்ந்து கிடந்தது. மாடியில் குரங்கு நடப்பது கேட்டது. குழாய் சொட்டுவது கேட்டது.

காலையில் போலீசிடம் எப்படிப் பேசுவது என்று பாடம். மத்தியானம் கதவுப் பாடம்.

ஊசி போடுகிறவன் பெரும்பாலும் குளியலறையில் தாழ்போட்டுக்கொண்டுதான் சாகிறான். அதனால் தாழ்ப்பாளைக் கழற்றிவிடுவோம். அது அலிமாக்காவின் வேலை. அவள் புருஷன் அப்படித்தான் போனான். பைக்குள் எப்போதும் ஸ்க்ரூ டிரைவர் வைத்திருப்பாள். தென்காசியில் பல வீட்டுக் குளியலறைகள் அவளால்தான் தாழில்லாமல் கிடக்கின்றன. நாங்கள் கூடியிருந்த ஒன்பதாம் அறைக் குளியலறையின் தாழ்ப்பாளையும் அன்று காலையில் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள்.

மிச்சத்தை மேடம் சொன்னார். "வெளியே நிக்கிறவங்க ரெண்டு தட்டு தட்டணும். உள்ளே இருக்கிறவர் ரெண்டு தட்டு திருப்பித் தட்டணும். பதில் வந்துக்கிட்டே இருக்கிற வரைக்கும் கதவைத் தொடக் கூடாது. அது அவருக்கு நாம கொடுக்கிற மரியாதை. பதில் நின்னுட்டா உடனே உள்ளே போகணும்."

"தட்டு வேண்டாம் மேடம்," என்றாள் அலிமாக்கா. "பேரைச் சொல்லச் சொல்லுங்க."

"பக்கத்து வீட்டுல கேக்கும்னு வாயைத் திறக்க மாட்டாங்கக்கா. ஒவ்வொரு பயிற்சியிலயும் இதே சண்டையா?"

அலிமாக்கா காரணம் சொல்லவில்லை. எப்போதும் சொன்னதில்லை.

நடித்துப் பார்க்க இசக்கிமணியை உள்ளே அனுப்பினோம். சில முறை பதில் தட்டிவிட்டு நிறுத்த வேண்டும், நாங்கள் உள்ளே பாய்ந்து காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

"ஏலே, உள்ள போய்த் தூங்கிராத," என்றான் மாரிச்செல்வம்.

"நீ குறட்டை விடாம நில்லு, போதும்," என்று சொல்லிக் கதவைச் சாத்தினான் இசக்கிமணி.

நான் தட்டினேன். பதில் வந்தது. கொஞ்ச நேரம் விட்டு மறுபடி தட்டினேன். வந்தது. இப்படியே போய்க்கொண்டிருந்தது. மேடம் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நடிக்கச் சொன்னா நம்மளயே நிக்க வச்சு வேடிக்கை பாக்கான்," என்று சிரித்தான் மாரிச்செல்வம். "நிறுத்துலே, டீ ஆறுது!"

டக் டக்.

இந்த முறை நான் தட்டியிருக்கவில்லை.

அலிமாக்கா எழுந்து வந்தாள். "பேரைக் கேளு."

"இசக்கிமணி, உன் பேரைச் சொல்லுலே."

டக் டக்.

அவள் என்னைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தாள். இசக்கிமணி எதிர்ச் சுவரோரம் குழாய்க்கடியில் சுருண்டு கிடந்தான். கதவு அவன் கைக்கு எட்டாது. தொடையில் ஊசி. உதடு நாவற்பழ நிறம். மறுவாழ்வு இல்லத்தில் உடம்பு பழக்கத்தை மறந்திருந்தது. இவன் பழைய அளவையே போட்டிருக்கிறான். எங்கள் எல்லோருக்கும் மனப்பாடமான பாடம் அது.

போதையை முறிக்கும் மாற்று மருந்து மேடத்திடம் இருந்தது. அலிமாக்கா அதை வாங்கித் தொடையில் போட்டாள். நான் வாயில் வாய் வைத்து ஊதினேன். அவன் வாய் குழாய்த் தண்ணீர் போலச் சில்லிட்டிருந்தது. நெடுநேரம் கழித்து ஒரு மூச்சு வந்தது. பிறகு வாந்தி. பிறகு கெட்ட வார்த்தை.

"ஏன்லே எழுப்புனிய?"

மாரிச்செல்வத்தின் முகத்தில் சிரிப்பு இல்லை. "அப்போ யாருலே தட்டுனது?"

"என்ன தட்டு? உள்ள வந்ததும் போட்டுட்டேன். ஒண்ணும் தெரியல."

அந்த மருந்தின் வேகம் சீக்கிரம் இறங்கிவிடும், மூச்சு மறுபடி நிற்கலாம். ஆம்புலன்சில் அவனோடு மேடமும் மாரிச்செல்வமும் தென்காசிக்குப் போனார்கள். அறையைச் சுத்தம் செய்ய அலிமாக்காவும் நானும் நின்றோம். வெளியே வெயில் அப்படியே இருந்தது.

"குரங்காத்தான் இருக்கும்," என்றேன். இரவு வேலை பார்த்தவனுக்குச் சத்தங்கள் பழக்கம். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுவேன்.

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். "அவரு போன அன்னைக்கு மத்தியானம் நானும் தட்டுனேன். மச்சான், இருக்கியளான்னு கேட்டேன். ரெண்டு தட்டு வந்துச்சு. சரின்னு உலை வைக்கப் போனேன். திரும்பி வந்து தட்டுனேன். அப்பவும் வந்துச்சு. பெறகு கதவை உடைச்சா உடம்பு வெறச்சுக் கெடக்கு. காலையிலயே முடிஞ்சிருச்சுன்னாரு டாக்டர்."

நான் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"தட்டுனது அவருன்னா, உசிரோட இருந்த மனுசனை விட்டுட்டு நான் சோறாக்கப் போயிருக்கேன். வேற எதுவோன்னா, என் மேல தப்பு இல்ல. எனக்கு அது தெரியணும். அது தெரியாம நான் ஒரு ராத்திரி தூங்கினதில்ல."

டக் டக்.

குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் அகலத் திறந்து, வாளியை முட்டுக்கொடுத்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வாளி இப்போது அறையின் நடுவில் இருந்தது.

அலிமாக்கா எழுந்து போய்க் கதவில் காதை வைத்தாள். "மச்சான், பேரைச் சொல்லுங்க."

டக் டக்.

"உள்ள போவாதிய அக்கா. கீழ போயிருவோம்."

"தாழ்ப்பாள்தான் இல்லையே. என்ன ஆயிரும்?" தோளில் கிடந்த பையைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். "நீ தட்டாத. பேரைச் சொல்லிக் கூப்பிடு. நான் என் பேரைச் சொல்லுவேன். சொல்லலன்னா உடனே திறந்திரு."

வாங்கிக்கொண்டேன். பைக்குள் இரும்பு உரசியது. கை விட்டுப் பார்த்தேன். தாழ்ப்பாள் இருந்தது. ஸ்க்ரூக்களும் இருந்தன.

அவள் உள்ளே போனாள். கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

"அலிமாக்கா," என்று கூப்பிட்டேன்.

கையிலிருந்த தாழ்ப்பாளை இறுக்கிப் பிடித்தேன். கதவுக்கு அந்தப் பக்கம், இரும்பில் இரும்பு உரசி, தாழ் விழுந்தது.