இடது கைக்கு ஓர் ஆள்

"பிடிச்சது தப்புன்னு சொல்லல அண்ணாச்சி. யாரு பிடிச்சதுங்கதுதான் கேள்வி."

"வந்தான். பிடிச்சேன்."

"நீங்க நாற்காலில இருந்தீங்க."

"ஆமா. எந்திச்சுத்தான் பிடிச்சேன்."

சிவபாலனுக்குப் பொய் சொல்ல வராது. மில்லர்புரம் கபடிக் குழுவின் பயிற்சியாளர் அவர். கேள்வி கேட்டவர் குழுவின் செயலாளர் கிருபாநிதி. முந்தின நாள் ஆட்டம் சமநிலையில் இருந்தபோது, எதிரணி ரெய்டர் கடைசிக் கோட்டை ஒட்டிப் பாடிக்கொண்டே வந்தான். கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த சிவபாலன் பாய்ந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டார். பிடி மிக அழகான பிடி. நடுவர் எதிரணிக்கு ஒரு புள்ளி கொடுத்து, சிவபாலனை வெளியே அனுப்பினார். அந்த ஒரு புள்ளியில் குழு தோற்றது.

தொழில்முறைக் கபடியில் அவர் ஆடியது 'லெப்ட் இன்' இடத்தில். மூலையில் நிற்கும் கார்னர் ஆட்டக்காரரின் கையைக் கோத்துக்கொண்டு நிற்பதுதான் அங்கே வேலை. ரெய்டர் வந்தால் கார்னர் காலைப் பிடிப்பான். இவர் மேலே விழுவார். மறுநாள் பேப்பர் படத்தில் கார்னரின் முகம் இருக்கும், இவருடைய முழங்கை இருக்கும். அதில் அவருக்கு வருத்தமில்லை. முழங்கையை அடையாளம் கண்டு ஒருவர் உடன்குடியில் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

ஓய்வு பெற்றதும் பயிற்சியாளரானார். முழங்கால் மட்டும்தான் ஓய்வு பெற்றது; கை பெறவில்லை. ரெய்டர் ஏறினால் இடது கை தானாகப் பக்கத்தில் துழாவும். இதுவரை துணைப் பயிற்சியாளர் தேவபிரசாதம் பக்கத்தில் உட்கார்ந்து தன் கையைக் கொடுத்துவந்தார். கையைக் கோத்திருக்கும்வரை சிவபாலன் இடத்தை விட்டு அசைய மாட்டார். கூட நிற்பவனை விட்டுவிட்டுத் தனியே பாய்வது அவர் தொழிலில் பெரிய தப்பு. தேவபிரசாதம் போன வாரம் கப்பல் வேலைக்குப் போய்விட்டார். நேற்று பக்கத்து நாற்காலி காலி.

ஞாயிற்றுக்கிழமை குலசேகரன்பட்டினத்தில் அடுத்த ஆட்டம். இன்னொரு தடவை நடந்தால் வேறு பயிற்சியாளரைப் பார்த்துக்கொள்வோம் என்று கிருபாநிதி சொல்லிவிட்டார். நாற்காலியோடு சேர்த்துக் கட்டிவிடலாமா என்றும் கேட்டார். சிவபாலன் கொஞ்சம் யோசித்து, நாற்காலி பிளாஸ்டிக், கூடவே வந்துவிடும் என்றார். ஆட்டக்காரர்களிடமும் கேட்டுப் பார்த்தாயிற்று. அவர் இறுக்குகிற இறுக்குக்குக் கை கொடுத்தால் நாங்கள் எந்தக் கையால் ஆடுவது என்று கேட்டார்கள். அதில் நியாயம் இருந்தது.

சிவபாலனுக்கு வேறு தொழில் தெரியாது. அவர் நேராக மனைவியின் வளையல் கடைக்குப் போனார்.

பானுப்ரியா ஒரு பெண்ணின் கையைக் குவித்துப் பிடித்துக் கண்ணாடி வளையல் ஏற்றிக்கொண்டிருந்தாள். அவள் இதுவரை எந்த ஆட்டத்துக்கும் வந்ததில்லை. டிவியில் பார்த்ததோடு சரி. வளையல் ஏறி முடிந்து அந்தப் பெண் போகும்வரை சிவபாலன் ஸ்டிக்கர் பொட்டு அட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நடந்ததைச் சொன்னார்.

"அந்த மூலக்காரன் பேரு என்ன?" என்று கேட்டாள்.

"எந்த மூலக்காரன்?"

"வருசக்கணக்கா டிவில ஒருத்தன் கையக் கோத்துக்கிட்டு நின்னீங்களே. ஊரே பாத்துச்சு. எங்கையக் கடைசியாப் பிடிச்சது கல்யாணத்தன்னிக்கு, மணமேடையச் சுத்தையில. அதுவும் சுண்டு விரல."

சிவபாலன் மறுக்கவில்லை. நினைவுபடுத்திப் பார்த்தார். சுண்டு விரல்தான்.

"தளர்வாப் பிடிச்சீங்க," என்றாள். "நழுவிரும்போல இருந்துச்சு."

கடைக்கு எதிரே ஆட்டோக்காரர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். சிவபாலன் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, கண்ணாடிப் பெட்டியின் மேல் இடது கையை வைத்தார்.

"ஏளா பானு, ஞாயித்துக்கெழம கடைய அடைச்சிட்டு வாரியா? அத்தன சனம் இருக்கும், தெரியும். எம்பக்கத்துல உக்காந்து கையப் பிடிச்சுக்கோ. ஆட்டம் முடியுற வரைக்கும் விட்ராத."