தாமரை காய்த்த இருபது பைசா

என்னிடமுள்ள 1804ஆம் வருடத்து ஆங்கில வெள்ளி டோக்கன் காசில் மாதம் ஒருமுறை தேன் எடுப்போம். அந்தக் காலத்தில் வெள்ளிக் காசுக்குத் தட்டுப்பாடு வந்து, இங்கிலாந்து வங்கி ஸ்பெயின் காசுகளின் மேலேயே தன் முத்திரையை அடித்து வெளியிட்டது. ஒரு பக்கம் ராஜா. மறுபக்கம் ஈட்டியும் கேடயமுமாக அவர்களுடைய பாரதமாதா, பிரிட்டானியா அம்மாள், உட்கார்ந்திருப்பாள். அவளுக்குப் பின்னால் ஒரு தேன்கூடு. பழைய காசைக் கழுவினால் மதிப்பு போய்விடும் என்பதால் என் மனைவி கோமதி லென்ஸை வைத்துக்கொண்டு ஊசிமுனையால் தொட்டு எடுப்பாள். ஒரு சொட்டு வரும்.

தேனீக்களுக்குப் பூ வேண்டுமே. எதிர்வீட்டுத் தில்லைநாயகம் அண்ணாச்சியிடம் தாமரை போட்ட இருபது பைசா, தேயாதது, ஒன்று இருக்கிறது. ரிட்டயர்டு சர்வேயர், கறாரான மனுஷர். காலை ஆறிலிருந்து ஒன்பது வரை காசு ஆல்பத்தைத் திறந்து வைப்பார். பாதிச் சொட்டு அவருக்கு.

சித்திரையில் ஆல்பத்தோடு வந்து நின்றார்.

"பாத்தீரா வே? பூ காயாயிட்டு. வர்ற ஞாயித்துக்கெழம காசுக் கண்காட்சி. காய எவன் பாப்பான்? எல்லாம் ஒம்ம தேனீ பண்ணுன வேல. ஒம்ம டோக்கன எனக்குக் குடும். இல்லைன்னா ஆல்பத்த மூடிப்போடுவேன்."

டோக்கனை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். பதினோரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு சேர்த்து வாங்கியது. ஆல்பத்தை மூடினால் தேனீக்கள் போய்விடும். கூடு காலியான டோக்கனைத் தேய்ந்த காசு என்றுதான் நடுவர்கள் எழுதுவார்கள்.

"காய் இருந்தா வெத இருக்கும்லா அண்ணாச்சி?" என்றாள் கோமதி. இருபது பைசாவை வாங்கி வாளித் தண்ணீரில் போட்டாள். காசை நனைப்பதைப் பார்க்க மாட்டாமல் நாங்கள் இருவரும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை இலை விட்டது. ஞாயிறு காலை, காசின் விளிம்பு வரை விரிந்து பூத்திருந்தது. அண்ணாச்சி துடைத்து எடுத்துக்கொண்டு போனார்.

கண்காட்சியில் எங்களுக்கு அடுத்தடுத்த மேஜை. நடுவர் என் டோக்கனை லென்ஸில் பார்த்தார்.

"கூடு நல்லா இருக்கு. அம்மா எங்க?"

அம்மாள் உட்கார்ந்திருந்த இடத்தில் அடியிலிருந்த ஸ்பெயின் காசின் தூண் தெரிந்தது. அவள் பக்கத்து மேஜையில், அண்ணாச்சியின் தாமரை மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"இருநூறு வருசமா ஒரே இடத்துல ஒக்காந்தவ. பூ மெத்துனு இருக்கும்லா," என்றாள் கோமதி.

நடுவர் செருப்பைக் கழற்றிவிட்டு, முதல் பரிசை அண்ணாச்சிக்கு அறிவித்தார். நான் லென்ஸை வாங்கி என் டோக்கனை இன்னொரு முறை பார்த்தேன்.

ஈட்டியை மட்டும் அம்மாள் என் காசிலேயே தூணோரம் சாத்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். தேனீக்கள் அதில் இரண்டாவது கூடு கட்டுகின்றன. வீடு திரும்பும் வழியில் கோமதி இன்னோர் ஊசி வாங்கினாள்.