கை நீட்டாதவர்

இறந்து கிடந்த பால்சாமியின் கைக் கட்டைவிரல்கள் இரண்டையும் நாவிதர் வெள்ளைத் துணிக் கிழிசலால் சேர்த்துக் கட்டினார். ராஜகுரு அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக் கொடுத்தான். இரண்டு வருஷமாக மடங்கி இறுகிக் கிடந்த முழங்கை இப்போது இழுத்த பக்கம் வந்தது.

"இனிமே ஆடாது," என்றார் சித்தப்பா சங்கரபாண்டியன். "கட்டிப் போட்டாச்சுல்ல."

பெஞ்சில் இருந்த ஒருவர் சிரிப்பை இருமலாக்கினார்.

நாலு நாள் சளியும் காய்ச்சலும். கடைசியாகக் கொடுத்த கஞ்சி தொண்டையில் இறங்கவில்லை. விடியும்போது முடிந்திருந்தது. திருச்சுழிக் கடைத்தெருவில் முப்பது வருஷம் வத்தலும் மல்லியும் வாங்கி விற்றவர். அவருக்காகக் கடையடைத்தவர்கள் ஐந்தாறு பேர்தான்.

அக்கா பெத்தம்மாள் நிலைப்படியில் வந்து நின்றாள். அழுது குரல் கட்டியிருந்தது.

"தம்பி, பரளச்சிக்கு ஆள் போயி மூணு மணி நேரமாச்சு. வருவாகளா?"

"வருவாக."

"உம் பிள்ளையத் தூக்கிட்டு வந்தா விட்றாத. இன்னைக்கு விட்டா அப்புறம் கெடையாது."

அவன் தலையை மட்டும் அசைத்தான். அதைத் தவிர வேறெதையும் காலையிலிருந்து அவன் நினைக்கவில்லை.

பதினாலு மாதத்துக்கு முன்னால் இதே வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். அவன் மனைவி ராமலட்சுமி மஞ்சள் காமாலையில் போனாள். இருபத்து நாலு வயசு. பரளச்சியிலிருந்து அவள் அப்பா வந்தார். துக்கத்துக்கு வருகிற ஆண், பெஞ்சில் இருக்கிறவர்கள் முன்னால் இரண்டு கையையும் நீட்ட வேண்டும். அவர்கள் அந்தக் கையைத் தொட வேண்டும். பேச்சு தேவையில்லை. அவர் சம்பந்தியின் முன்னால் வந்து கையை நீட்டினார். பால்சாமி துண்டுக்குள் இருந்த கைகளை எடுக்கவில்லை. முகத்தில் ஒன்றும் இல்லை. கண்கூடச் சிமிட்டவில்லை. மகளைப் பறிகொடுத்தவர் நீட்டிய கையோடு நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் யாரோ அவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

அடுத்த ஆடியில் அவரும் செத்துப்போனார். அந்தக் கையை நினைத்துத்தான் செத்தார் என்று பரளச்சியில் பேச்சு.

ராமலட்சுமியின் அண்ணன் தவசி பதினாறாம் நாளே தங்கை மகள் கஸ்தூரியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அப்போது அவளுக்கு மூன்று வயசு. ராஜகுரு ஐந்து தடவை போனான். ஐந்து தடவையும் பிள்ளை தூங்குகிறாள் என்றார்கள்.

அதன்பிறகு அவன் அப்பாவோடு பேசுவதை நிறுத்தினான். ஒரே வீடு. சாப்பாடு, வேட்டி, மருந்து எல்லாம் அக்கா வழியாகப் போய் வந்தன.

இரண்டு மாதம் முன்னால் அவர் கடைத்தெருவில் விழுந்தார். மதுரைக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. டாக்டர் அவரை நடக்கவிட்டுப் பார்த்தார். திரும்பச் சொன்னார். திரும்புவதற்கு ஏழெட்டுச் சின்ன அடிகள் எடுத்தார். வெளியே உட்கார வைத்துவிட்டு டாக்டர் ராஜகுருவிடம் கேட்டார்.

"அவர் சிரிச்சு எத்தன வருஷம் இருக்கும்?"

"மூணு."

"கை ஆட ஆரம்பிச்சு?"

"ரெண்டு."

"சில பேருக்கு மனசுதான் மொதல்ல நிக்கும். கை பெறகு." அவர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு வட்டம் போட்டு அதன் அடியில் பேனாவால் அழுத்தினார். "மூளைக்கு அடியில கறுப்பா ஒரு துண்டு இருக்கு. அங்க ஒரு சத்து ஊறுது. கையக் கால அசைக்கிறதுக்கு அது வேணும். ஒண்ணு மேல ஆசப்படுறதுக்கும் அது வேணும், அது மாதிரி இன்னும் சிலதும் வேணும். அந்த எடம் செத்துட்டே வந்தா ஆள் உள்ளயும் எறங்கிருவாரு, மூஞ்சியும் மரத்துப் போயிரும். மூஞ்சில ஒண்ணும் இல்லேங்கறதுக்காக உள்ள ஒண்ணும் இல்லேன்னு நெனச்சுராதீங்க."

"திமிர் இல்லையா?"

டாக்டர் சீட்டிலிருந்து தலையை எடுத்தார். "நீங்க படிச்சவர்னு சொன்னீங்க."

அருப்புக்கோட்டையில் பஸ் மாறி உட்கார்ந்த பிறகு பால்சாமி வாயைத் திறந்தார். குரல் காற்றாக வந்தது.

"அன்னைக்கி சம்பந்தி கைய நீட்டுனாரு. எடுக்கணும்னுதான் நெனச்சேன். வரல."

"அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல," என்றான் ராஜகுரு.

அவர்கள் பேசியது அவ்வளவுதான்.

இரண்டு மணிக்குத் தவசி வந்தான். இடுப்பில் கஸ்தூரி. வளர்ந்திருந்தாள். மாமனின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு பந்தலைப் பார்த்தாள். ராஜகுருவின் மேல் அவள் பார்வை பட்டுத் தாண்டிப் போனது. தவசி கோடித் துணியைப் பிணத்தின் மேல் போட்டான். பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்றான். கையை நீட்டவில்லை.

பெஞ்சில் எல்லாரும் காத்திருந்தார்கள்.

"என்ன பாக்கீக?" என்றான் தவசி. "எங்கய்யா நீட்டுன கையே இன்னும் இந்தப் பந்தல்ல நிக்கி. நான் வேறயா நீட்டணும்?"

"துட்டி வீட்ல வம்பு பேசக்கூடாதுப்பா," என்றார் சங்கரபாண்டியன்.

"வம்பு பேச வரல. பேத்தி நெய்ப்பந்தம் பிடிக்கணும். இல்லேன்னா ஊரு கேக்கும். பிடிச்ச கையோட அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போயிருவேன்."

ராஜகுரு எழுந்தான். "பிள்ள இங்க இருக்கட்டும் மச்சான்."

"இங்கயா? யாரு வளக்க?" தவசி அவன் முகத்தை நிதானமாகப் பார்த்தான். "நீயா? எந்தங்கச்சி செத்த அன்னைக்கி உன் கண்ணுல ஒரு சொட்டு இல்ல. இன்னைக்கி பெத்தவரு கெடக்காரு, இன்னைக்கும் இல்ல. அப்பனும் மகனும் ஒரே அச்சு. இந்த மூஞ்சியப் பாத்துக்கிட்டு அவ வளரணுமாக்கும்."

"அப்பாவுக்கு நோய் மச்சான். வேணும்னு செய்யல. மதுரைல டாக்டர் சொன்னாரு."

அவன் சொன்னான். அலுவலகத்தில் கடிதம் படித்துக் காட்டுவது போல வரிசையாகச் சொன்னான். மூளைக்கு அடியில் ஓர் இடம் சாவது. கை வராதது. முகம் வராதது. முதலில் மனசு, பிறகு கை. பேசி முடித்தபோது, இது போதும், இனித் தவசி பிள்ளையைக் கீழே இறக்கிவிடுவான் என்று நினைத்தான்.

முதலில் எழுந்தவர் சங்கரபாண்டியன்.

"ஏலே, என்னத்தடா பேசுற? மூளைல கோளாறா? எம்மகளுக்குத் தையில நிச்சயம் வச்சிருக்கேன். நாலு ஊரு ஆளு இருக்கிற எடத்துல..."

தவசிக்குக் கோபம் போயிருந்தது. அவன் பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றினான்.

"மூளைலயா? அப்ப ரத்தத்துல வர்றதா?"

"தெரியல."

"உனக்கும் வருமா? இவளுக்கு?"

"டாக்டர்ட்ட கேக்கல."

அதை அவன் கேட்டிருக்கவேயில்லை.

"கைய நீட்டு, பாப்போம்."

ராஜகுரு வலது கையை நீட்டினான். பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஐந்து விரலும் அசையாமல் நின்றன.

"ஆடலயே," என்றார் ஒருவர்.

"கை பெறகுதான்னு இவனே சொன்னான்," என்றான் தவசி. "மொதல்ல மனசுதான். அதுதான் இவன்ட்ட செத்துக் கெடக்கே. பாத்தா தெரியலயா?"

ராஜகுரு கையை இறக்கினான்.

"இங்க பாரு மாப்ள. ஒண்ணு சொல்றேன். திமிருன்னா அது உங்கப்பாவோட எரிஞ்சு போகும். எங்கய்யாவ வேணும்னுதான் அவமானப்படுத்துனாருன்னு இத்தன பேருக்கு முன்னால சொல்லு. பிள்ளைய விட்டுட்டுப் போறேன். சீக்குன்னா விட மாட்டேன். சீக்கு வீடுன்னு பேரானா நாளைக்கி இவள எவன் கட்டுவான்? எது? திமிரா, சீக்கா?"

சங்கரபாண்டியன் காதருகே வந்தார். வெற்றிலை நெடி அடித்தது. "சொல்லுலே. செத்தவருக்கு என்ன கெடக்கு? நமக்கும் அதாண்டா நல்லது."

அப்பாவின் தாடையைச் சேர்த்துத் துணி கட்டியிருந்தது. மூக்கில் பஞ்சு. அக்கா நிலைப்படியிலிருந்து அவனையே பார்த்தாள். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாளா, சொல் என்றாளா, தெரியவில்லை.

"திமிருதான்," என்றான் ராஜகுரு.

"கேக்கல," என்றான் தவசி.

"எங்கப்பாவுக்குத் திமிரு. உங்கய்யாவுக்கு வேணும்னுதான் கை குடுக்கல. நோயுமில்ல, ஒண்ணுமில்ல."

பெண்கள் பக்கம் ஒப்பாரி நின்றது. பிறகு யாரோ எடுத்துக் கொடுக்க, மறுபடி ஏறியது. சங்கரபாண்டியன் பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு விட்டார்.

தவசி பிள்ளையைக் கீழே இறக்கினான். இரண்டு கைகளையும் நீட்டினான். ராஜகுரு தொட்டான். தவசி அழ ஆரம்பித்தான். சத்தமாக, தோள் குலுங்க அழுதான். எல்லாரும் அவனைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றி வரும்போது கஸ்தூரியின் கையை ராஜகுரு பின்னாலிருந்து பிடித்துக்கொண்டான். மூன்று சுற்றும் அவள் முகம் மாமனைத் தேடியது.

மறுநாள் காலை காடாத்து. ராஜகுருவின் மொட்டைத் தலையில் வெயில் இறங்கியது. தவசி முதல் பஸ்ஸுக்கே போய்விட்டான். பிள்ளை அக்காவின் மடியில் ஏங்கி ஏங்கி அழுது தூங்கியிருந்தாள்.

சுடுகாட்டுக்காரர் பாலைத் தெளித்துச் சாம்பலை அணைத்தார். காலில் ஆரம்பித்து மேல்நோக்கி எலும்புகளைப் பொறுக்கி மண்கலயத்தில் போட்டார். தலைமாட்டுக்கு வந்ததும் விலகி நின்றார்.

"இது மகன் எடுக்கணும்."

ராஜகுரு குனிந்தான். உள்ளங்கையில் அடங்குகிற வளைந்த மண்டையோட்டுத் துண்டு ஒன்று கிடைத்தது. கனமே இல்லை. அவன் அதைத் திருப்பினான். உள்பக்கத்தைக் கட்டைவிரலால் துடைத்தான். கறுப்பு எங்கேயும் இல்லை, வெள்ளையாக இருந்தது. இன்னொரு தடவை துடைத்தான்.

சங்கரபாண்டியன் வேப்பமரத்தடியிலிருந்து சத்தம் போட்டார். "என்னலே தேடுற? வெயிலு ஏறுது."

"போடுங்கய்யா," என்றார் சுடுகாட்டுக்காரர்.

அவர் கலயத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.