கதவு விளிம்பின் பச்சை

சிதம்பரத்தில் கலியமூர்த்தியின் பட்டறைக்குப் போய், நான் செய்து விற்ற இண்டக்‌ஷன் ஹீட்டரின் கதவைத் திறந்ததும், பக்கத்து ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. கெடுவதற்குக் காரணம் தெரிந்துவிட்டது. ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் பச்சை பெயிண்ட் அடித்திருந்தார்கள். இதற்கும், கதவு விளிம்பு வரைக்கும்.

இந்த ஹீட்டரில் தீ கிடையாது. செம்புச் சுருளுக்குள் டிராக்டர் ஷாஃப்டை வைத்தால், நொடிக்குப் பல்லாயிரம் தடவை திசை மாறும் மின்சாரம் இரும்பைத் தானாகச் சிவக்க வைக்கும். அப்போது ரேடியோ அலைபோலக் கொஞ்சம் வெளியேயும் சிதறும். அதை அடைப்பது இரும்புப் பெட்டி. கதவு விளிம்பின் கம்பிவலைப் பட்டை வெறும் இரும்பைத் தொட வேண்டும். நடுவில் பெயிண்ட் வந்தால், சாத்திய கதவும் திறந்த கதவுதான்.

"லட்சணமா இருக்கட்டும்னு அடிச்சோம் மச்சான். பொட்டு வச்ச எடம்கூட பளபளன்னு இருக்கு பாரு" என்றான் கலியமூர்த்தி.

"பளபளப்பு பக்கத்து ஆஸ்பத்திரி வரைக்கும் தெரியுதாம்" என்றேன்.

அங்கே ஈ.சி.ஜி. எடுக்கும் இளமதி பட்டறை வாசலிலேயே நின்றிருந்தாள். "சார், இது ஓடறப்ப எல்லார் நெஞ்சுலயும் புல்லு மொளைச்ச மாதிரி கோடு வருது. எதை நம்பி டாக்டர்கிட்ட குடுக்கறது? இன்னிக்கும் இப்படின்னா கம்ப்ளெய்ன்ட்தான்."

"மெஷினை எடுக்கச் சொல்லிட்டா பட்டறைய மூட வேண்டியதுதான்" என்று கலியமூர்த்தி என் காதருகே சொன்னான்.

விளிம்பு முழுதும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பிறகு நானே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி. கட்டிலில் படுத்தேன். இளமதி பத்து ஒயரையும் மாட்டினாள். "கையை ஆட்டாதீங்க."

சுவருக்கு அந்தப் பக்கம் ஹீட்டர் ஓடியது. கோடு சுத்தமாக வந்தது. அவள் முகம் தளர்ந்தது.

"முடிஞ்சிதா மச்சான்?" என்று ஜன்னல் வழியாகக் கலியமூர்த்தியின் குரல்.

இப்படிச் சிதறும் அலைக்கு விதியில் இரண்டு வரம்புகள் உண்டு. தொழிற்பேட்டைக்குத் தளர்வானது, வீடுகள் இருக்கும் தெருவுக்கு இறுக்கமானது. கடலூர் ஷெட்டில் நான் கட்டிய இது முதல் வகை. எந்தத் தெருவில் வைக்கப்போகிறான் என்று விற்கும்போது நான் கேட்கவில்லை. இப்போது அது ஓடுவதும் பாதி பவரில். கோடு சுத்தமாக வரட்டுமென்று குமிழை அங்கே திருப்பி வைத்துவிட்டு வந்தவன் நான்தான்.

"ஃபுல்லுல வை" என்றேன்.

"நெசமாத்தான் சொல்றியா?"

"வை மச்சான்."

உறுமல் ஏறியது. இளமதி மறுபடி பொத்தானை அழுத்தினாள். கட்டம் போட்ட தாள், வெள்ளை விளிம்பு முதலில், மெதுவாக வெளியே வரத் தொடங்கியது.