கைக்கு எட்டிய சுவர்

1

தமிழ்ப் பெருமக்கள் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: இலக்கியத்தில் இதுகாறும் இடம் மறுக்கப்பட்டுவந்த ஒரு பேருயிர், இந்தக் கதையின் மூலம் அரியணை ஏறுகிறது. காதலையும் வீரத்தையும் பாடிய மொழி, இன்று முதல் பூஞ்சணத்தையும் பாடும். எல்லோரும் எழுந்து நிற்கவும். (சுவரில் சாய வேண்டாம். சட்டையில் ஒட்டும்.)

இனி உண்மை. இந்தக் கதை கலைத்தாகத்தில் பிறக்கவில்லை. பூமியின் தென்கோடியில், போரிருவா என்ற ஊரின் மலைச்சரிவுக்கு அடியில் இருக்கும் லாண்ட்ரி கடையில், டிரையர் சுற்றி முடிக்கும்வரை வேறு வேலை இல்லாததால் பிறந்தது. பக்கத்து டிரையர் லெபேகாவுடையது. குளிர்காலம் முழுக்க நாங்கள் அங்கேதான் சந்தித்துக்கொண்டோம். வீட்டுக்குள் துணி காயப்போடக் கூடாது என்று இரண்டு பேருடைய வாடகை வீட்டு ஏஜென்டுகளும் சொல்லியிருந்தார்கள். வெளியே காயப்போடக் கூடாது என்று மழை சொல்லியிருந்தது.

"எங்க வீட்டுக் கதைய எழுதப் போறீங்களா?" என்றாள் லெபேகா. "எழுதுங்க. ஆனா வீட்ட அசிங்கமா மட்டும் காட்டிராதீங்க."

பூஞ்சணக் கதைக்கு இப்படி ஒரு நிபந்தனை. சரி என்று தலையாட்டினேன். எழுத்தாளர்கள் தலையாட்டுவதை யாரும் எழுதி வாங்கிக்கொள்வதில்லை.

2

முதல் தொடக்கம்: "தெற்கிலிருந்து வந்த காற்று, மலைமுகட்டின்மேல் தன் ஈரக் கூந்தலை விரித்து—"

நிறுத்திவிட்டேன். காற்றுக்குக் கூந்தல் இருந்தால் அதையும் லாண்ட்ரிக்குத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

இரண்டாம் தொடக்கம்: "அலமாரியை நகர்த்தியபோது சுவரில் தெரிந்த கறுப்புக் கறை, அவள் பிரிந்துவந்த தீவின் வரைபடம்போல—"

இதை லெபேகாவுக்குச் சொல்லிக் காட்டினேன்.

"எந்தத் தீவு?"

"சமோவா."

"நான் பொறந்ததே இந்த ஊர்லதான். எங்க அம்மாவுக்கே ஊர் மறந்துபோச்சு. அது கறை, எழுத்தாளரே. கறைய கறைன்னே எழுதுங்க."

மூன்றாம் தொடக்கம்: "ஃபெட்டு இருமினாள்."

இதை அவள் திருத்தவில்லை. டிரையரின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆகவே இது நிற்கட்டும்.

3

ஃபெட்டு இருமினாள். லெபேகாவின் மகள், ஆறு வயது. வயதுக்குப் பெரிய இருமல். நெஞ்சுக்குள் யாரோ கனமான மேஜையை இழுத்து நகர்த்துவதுபோல. இருமி முடித்ததும் மூச்சில் ஒரு விசில் மிஞ்சும். "கெட்டில் கொதிக்குது, யாருக்கு டீ வேணும்?" என்பான் அப்பா டவிட்டா. பஸ் ஓட்டுகிறவன், எதற்கும் ஒரு வேடிக்கைப் பேச்சு கைவசம் வைத்திருப்பவன். குழந்தையை இரண்டாவது முறையாக ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டான்.

"வீடு ஈரமா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஆமா டாக்டர். அவ படுக்குற சுவர் கறுப்பா பூத்துக் கெடக்கு."

"அதனாலதான் இருமல்னு என்னால உறுதியா சொல்ல முடியாது. அதனால இல்லைன்னும் சொல்ல மாட்டேன். மருந்து நான் தர்றேன். சுவருக்கு நான் என்ன தர்றது?"

வீடு மலையின் தென்பக்கச் சரிவில் இருக்கிறது; இங்கே வெயில் வடக்கிலிருந்துதான் விழும். குளிர்காலத்தில் சூரியன் அந்தப் பக்கம் வருவதை மரியாதைக் குறைவாக நினைக்கிறது. காலையில் ஜன்னல்கள் உள்பக்கமாக அழும். கீழே பழைய துண்டுகளைச் சுருட்டி வைக்க வேண்டும். வாடகை வீட்டுச் சட்டம் கேட்டபடி ஹாலில் ஹீட்டர் மாட்டியிருக்கிறது. அந்தச் சூடு படுக்கையறைக்குள் போக வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை.

லெபேகா ஏஜென்சிக்குப் போன் செய்தாள். எடுத்தவள் கிர்ஸ்டி, இந்த வீட்டைக் கவனிக்கும் ஏஜென்ட்.

"ஜன்னலத் திறந்து வையுங்க, லெபேகா."

"வெளியே மழைங்க."

"மழை நின்னதும் திறங்க."

"எப்ப நிக்கும்?"

அது கிர்ஸ்டியின் பொறுப்பில் வராது. பதிலாக ஒரு கையேடு அனுப்பினாள். குளிப்பதாலும் சமைப்பதாலும் மூச்சு விடுவதாலும் வீட்டில் ஈரம் சேர்கிறது என்று அதில் போட்டிருந்தது. மூச்சு விடுவதை ஒரு பழக்கம்போல எழுதியிருந்தார்கள், விட்டுவிடலாம் என்கிற தொனியில். 'இன்ஸ்பெக்‌ஷனுக்கு வரும்போது பார்க்கிறேன்' என்று கீழே ஒரு வரி.

இன்ஸ்பெக்‌ஷன் என்றால் என்ன? ஆள் வருகிறது. வீட்டுக்கு ஆள் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று லெபேகாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வருவது பாதிரியாரானாலும் மீட்டர் பார்க்கிறவரானாலும் வீடு பளபளக்க வேண்டும், மேஜைமேல் தின்ன ஏதாவது இருக்க வேண்டும். முந்தைய நாள் வினிகரும் பிளீச்சும் பிரஷ்ஷுமாக இறங்கினாள். தரை, அடுப்பு, குளியலறை, பிறகு சுவர். கை எரிய எரிய, வெள்ளை தெரியும்வரை தேய்த்தாள். விடிந்ததும் பனிகேகே சுட்டாள். உருண்டையான இனிப்பு போண்டா என்று வைத்துக்கொள்ளுங்கள்; அவள் கேட்டால் அடிப்பாள்.

கிர்ஸ்டி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள்.

"அடேயப்பா, என்ன சுத்தம்! எல்லா வீடும் இப்படி இருந்தா எனக்கு வேலையே இல்ல."

"உக்காருங்க. சாப்பிடுங்க."

"ஐயோ, கம்பெனி ரூல். யார்கிட்டயும் எதுவும் வாங்கிக்கக் கூடாது."

"வாங்கிக்க வேணாம். தின்னுங்க."

கிர்ஸ்டி தின்றாள். இன்னொன்றும் எடுத்தாள். பிறகு ஃபெட்டுவின் அறைக்குப் போனார்கள்.

"பூஞ்சணம்னு சொன்னீங்களே, எங்க?"

"இதோ, இந்தச் சுவர்ல."

"எங்க?"

"இங்கதான் இருந்துச்சு."

"இருந்துச்சுன்னு நான் எழுத முடியாதே, லெபேகா. இருக்குன்னாதான் எழுத முடியும்."

[கைப்பேசி என்றொரு கருவி உண்டே என்று நினைவூட்டத் துடிக்கும் வாசகருக்கு: லெபேகா படம் எடுத்துத்தான் வைத்திருந்தாள். கிர்ஸ்டி அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது இந்தச் சுவர்தான்னு எப்படித் தெரியும்?" என்றாள். வாடகை வீட்டுச் சுவர்கள் எல்லாம் ஒரே வெள்ளை. நியாயமான கேள்வி. நியாயமான கேள்விகளைக் கேட்டுக் கேட்டே ஒன்றும் செய்யாமல் இருக்கலாம்.]

இரண்டு மழைக்குள் கறை திரும்பி வந்தது. பழகிய இடம், வழி தெரியும்.

4

"நீ எதுக்குத் துடைச்சே?" என்றான் டவிட்டா.

"ஆள் வர்றாங்கல்ல."

"அவ விருந்தாளி இல்லடி. இன்ஸ்பெக்‌ஷன்."

"செருப்பக் கழட்டிட்டு உள்ள வந்தா விருந்தாளிதான்."

"அப்ப அடுத்த தடவ செருப்போடயே வரச் சொல்றேன்."

"சொல்லித்தான் பாரேன். அழுக்குச் சுவரக் காட்டிப் பலகாரம் குடுத்தாளாம்னு எங்க அம்மா சர்ச் பூரா சொல்லிட்டு வரும்."

"சர்ச்சுல பாதிப் பேரு வீட்டுச் சுவர் இதே கதிதான்!"

"தெரியும். எல்லாரும் துடைச்சுட்டுத்தான் கூப்பிடுறாங்க."

இந்த இடத்தில் சமூகநீதி குறித்து ஒரு நீண்ட பத்தி எழுதத் தொடங்கினேன்: "உலகமயமாக்கலின் விளிம்பில் உறைவிடம் என்னும் கருத்தாக்கமானது—" வேண்டாம். சொல்ல வந்தது சின்ன விஷயம். சுவர் சுத்தமாக இருந்தால் பூஞ்சணம் இல்லை என்று எழுதுவார்கள். பூஞ்சணம் இருந்தால் வாடகைக்காரர் வீட்டைச் சரியாக வைத்துக்கொள்ளவில்லை என்று எழுதுவார்கள். அப்படி ஒரு பெயர் விழுந்தால் இந்த வீடும் போகும், அடுத்த வீடும் கிடைக்காது. லெபேகா தேய்த்தது மானத்துக்காக மட்டும் இல்லை.

5

கிர்ஸ்டி எனக்குச் சரியாக அமையவில்லை. முதல் வரைவில் அவளுக்கு நீளமான சிவப்பு நகங்கள் வைத்திருந்தேன், வாசகர் வெறுக்க வசதியாக.

"நகமா?" என்றாள் லெபேகா. "கடிச்சுக் கடிச்சு விரல்ல நகமே இருக்காது, பாவம்."

"பாவமா?"

"அவளும் வாடகை வீடுதானே. பனிகேகே திங்கும்போது சொன்னா. கட்டிலுக்கு மேல சொட்டுதாம். அவ ஏஜென்ட் அவள ஜன்னலத் திறக்கச் சொல்றாராம்."

ஒரு வில்லி போனாள். வீட்டுக்காரரை வில்லனாக்கலாம் என்றால் அவரை யாரும் பார்த்ததில்லை. கடவுள் மாதிரி, இடையில் ஒருவர் மூலம்தான் பேசுவார், குறை சொன்னால் சோதிக்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

லெபேகா அத்தோடு விடவில்லை. "அந்தக் கறை வர்ற எடத்தையெல்லாம் எடுத்துருங்க, எழுத்தாளரே. படிக்கிறவங்க வருவாங்கல்ல?"

"அவங்க உன் வீட்டுக்கு வர மாட்டாங்க, லெபேகா. புத்தகத்துல படிப்பாங்க."

"படிச்சா உள்ள வந்த மாதிரிதான். எங்கோ முன்னப்பின்ன தெரியாதவங்க எல்லாம் என் புள்ள படுக்குற எடத்த மொறச்சுப் பார்ப்பாங்க. சரி, எடுக்க மாட்டீங்கன்னா தின்ன ஏதாவது குடுத்துட்டுக் காட்டுங்க."

ஆகவே வாசகரே, மேஜைமேல் பனிகேகே இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள். செருப்பைக் கழற்றினீர்கள் அல்லவா?

இந்தக் கதையில் முறிந்த வாக்கியங்களை நான் ஏன் துடைக்காமல் விட்டிருக்கிறேன் என்று இப்போது புரியும். துடைத்துக் கொடுத்தால் நீங்களும் "எங்கே?" என்பீர்கள்.

6

ஃபெட்டு மூன்றாவது முறையாக ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பியதும் லெபேகா சொன்னாள்: "இந்தத் தடவ இன்ஸ்பெக்‌ஷனுக்குத் துடைக்க மாட்டேன். பேரு கெட்டா கெடட்டும்."

டவிட்டா அவளை நம்பவில்லை. வினிகர், பிளீச், பிரஷ் எல்லாவற்றையும் மூட்டை கட்டித் தன் பஸ்ஸுக்கு எடுத்துக்கொண்டு போனான். போரிருவாவின் பயணிகள் அன்று வினிகர் வாசனையில் வேலைக்குப் போனார்கள்.

இன்ஸ்பெக்‌ஷன் நாள் காலை லெபேகாவுக்கு நரகம். ஃபெட்டுவின் அறையைத் தவிர மீதி எல்லாவற்றையும் வெறும் தண்ணீராலேயே தேய்த்தாள். குப்பைத்தொட்டியின் அடிப்பாகத்தைக்கூடத் துடைத்தாள். சோபாவில் உட்கார்ந்து கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். முடியவில்லை, எழுந்து போய் எண்ணெயைக் காயவைத்தாள். பனிகேகே சுட மாட்டேன் என்று அவள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

கிர்ஸ்டி வந்தாள். செருப்பைக் கழற்றினாள்.

"மன்னிச்சுக்கங்க, அந்த ரூம்ல மட்டும் நான் எதையும் தொடல," என்றாள் லெபேகா. சொல்லும்போதே முகம் சிவந்தது. "அப்படியே இருக்கு. நீங்களே பாருங்க."

கதவைத் திறந்தார்கள். ஃபெட்டு சர்ச்சுக்குப் போடும் வெள்ளை கவுனில் நின்றாள். கையில் நனைந்து கறுத்த ஒரு பள்ளிக்கூட சாக்ஸ்.

"வாங்க," என்றாள், ஆட்களை வரவேற்கும் குரலில்.

அவளுக்குப் பின்னால் சுவர். தரையிலிருந்து அவள் கை எட்டும் உயரம்வரை வெள்ளை. அதற்கு மேலே கூரைவரை கறுப்பு. நடுவே கோடு போட்டதுபோல ஓர் எல்லை. கோட்டுக்கு மேலே அங்கங்கே சின்னச் சின்ன வெள்ளைத் தீற்றல்கள், எட்டிக் குதித்திருக்கிறாள்.

"ஃபெட்டு… என்னடி தங்கம் பண்ணினே?"

"ஆள் வர்றாங்க, நீ மறந்துட்டேம்மா. நானே துடைச்சிட்டேன். மேலதான் எட்டல."

பெருமையாகச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருமலாயிற்று. நெஞ்சுக்குள் அந்த மேஜை நகர்ந்தது, நகர்ந்துகொண்டே இருந்தது. லெபேகா அவளைத் தூக்கிக்கொண்டு வாசல்படிக்கு ஓடினாள். இன்ஹேலரை வாயில் வைத்து, முதுகைத் தடவி, "மெதுவா, மெதுவாடி, இழு," என்று அவளோடு சேர்ந்து தானும் இழுத்தாள்.

உள்ளே படம் எடுக்கும் சத்தம் கேட்டது. ஒரே ஒரு தடவை.

கிர்ஸ்டி வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். குழந்தையைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, அவளும் இருமினாள். "ரிப்போர்ட் வரும், லெபேகா," என்று சொல்லிவிட்டுக் காருக்குப் போனாள்.

"எந்தப் பாதிய எடுத்தாள்னு நான் பார்க்கல," என்றாள் லெபேகா என்னிடம், டிரையரின் முன்னால். "எதுவும் சாப்பிடாமயே போயிட்டா. அதுக்கு என்ன அர்த்தம், சொல்லுங்க?"

7

முடிவு அ: கிர்ஸ்டி எடுத்தது மேல்பாதி. ஆட்கள் வந்து சுவரைப் பிரித்து, உள்ளே ஒழுகும் குழாயைக் கண்டுபிடிக்கிறார்கள். அடுத்த குளிர்காலத்தில் ஃபெட்டு மலைமேல் ஓடுகிறாள். எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை.

முடிவு ஆ: எடுத்தது கீழ்ப்பாதி. "சுவர் சுத்தமாக உள்ளது. மேற்பகுதிக்கு வாடகைக்காரர் முக்காலி பயன்படுத்தலாம்."

முடிவு இ: முழுச் சுவர். வீட்டுக்காரர் பதறிப்போய், வீட்டைப் புதுப்பிக்க வேண்டும் என்று இவர்களைக் காலி செய்யச் சொல்கிறார். வெள்ளை அடிக்கிறார். 'காற்றோட்டமான, வெளிச்சமான இல்லம்' என்று விளம்பரம் வருகிறது. அடுத்த குடும்பத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. அவர்களிடமும் ஒரு—

வாசகரே! முடிவு இனி உங்கள் கையில். நீங்கள்தான் இந்தக் கதையின் இன்ஸ்பெக்டர். அந்த அறைவாசலில் நின்று, எந்தப் பாதியைப் பார்ப்பது என்று தீர்மானிக்க வேண்டியது உங்கள் மனசாட்சி. கேள்வியை எழுப்புவதோடு இலக்கியத்தின் கடமை முடிகிறது. விடை என்பது காலத்தின்—

"எழுத்தாளரே, உங்க டிரையர் நின்னு ரொம்ப நேரமாச்சு," என்றாள் லெபேகா. வெள்ளை கவுனை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. ஃபெட்டு அதே அறையில்தான் தூங்குகிறாள். மற்ற அறை இதைவிட ஈரம்.